ஏரியில் இறங்கியதற்கு மெட்டு கிடையாது

உன்னைத் திருத்தச் சொல்லி இந்த மாதம் பலர் நம் வீட்டுக்கு வந்து போனார்கள். நம் சர்ச்சின் சபைச் செயலாளர் வந்தார், தொழிற்சாலையில் உன் அப்பாவோடு ஒரே ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள் வந்தார்கள், கடைசியில் உன் படத்தின் தயாரிப்பாளரே ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார். எல்லோருக்கும் காபி கொடுத்தேன். அவர்கள் ஊரறியப் பேசுகிற விஷயத்துக்கு நான் மட்டும் ஏன் உறையில் போட்டு ஒட்டிப் பதில் எழுத வேண்டும் என்று பிறகு தோன்றியது. அதனால் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை உன் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எங்கள் ஆசிரியைகள் நடத்தும் இதழுக்குத் தருகிறேன். அது அச்சாகி வரும்போது நீ என்ன முடிவு எடுத்திருந்தாலும் சரி, நான் சொன்னது சொன்னதுதான் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

அவர்களும் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. நீ ஒரு சின்னத் தமிழ்ப் படத்துக்குப் பின்னணி இசை அமைத்திருக்கிறாய். வானத்திலிருந்து ஏதோ ஒன்று செம்பரம்பாக்கம் ஏரியில் வந்து இறங்குகிறது, கரையில் இருக்கிற ஊரில் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது கதை. உனக்கு முதல் படம். அந்த ஏரிக் காட்சிக்கு நீ செய்திருக்கும் இசையில் மெட்டு இல்லை, தாளமும் இல்லை. தயாரிப்பாளர் அதை மாற்றச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தராவிட்டால் கீபோர்டு வாசிக்கும் வேறொருவரிடம் படம் முழுவதையும் கொடுத்துவிடுவாராம். இதற்கு நடுவில் உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் ஜெனியின் அப்பா அந்தப் படத்தை நம்பித்தான் சம்மதித்தார். போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே, "மாத்திக் குடுத்துடறேம்மா" என்றாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீ வடபழனி ஸ்டூடியோவுக்கு பஸ் ஏறியிருப்பாய். அது சம்மதம் இல்லை. மாற்றாதே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த மாதிரி இசை பிடிக்காது. பரீட்சைத் தாள் திருத்தும்போது பழைய சினிமாப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை, இவ்வளவுதான் என் சங்கீதம். நீ பெரிய மேதை என்றும் நான் நினைக்கவில்லை. உன் இசையில் பாதி, நீ கேட்டுக் கேட்டுத் தேய்த்த அந்தப் பழைய வெளிநாட்டு விண்வெளிப் படங்களின் கேசட்டுகளிலிருந்து கடன் வாங்கியது என்று எனக்குத் தெரியும். பெற்றவள் என்பதற்காக நான் உன் பக்கம் நிற்கவில்லை. பிள்ளைகளை அப்படித் தாங்குகிற ஆள் நான் இல்லை என்பது உனக்கே தெரியும், நான் திருத்திய உன் பிளஸ் டூ இயற்பியல் தாளைக் கேட்டால் அதுவும் சொல்லும். இந்த ஒரு விஷயத்தில் உன் பக்கம்தான் சரி. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நிற்கிறேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது, நீ நான்காம் வகுப்பு படித்த சமயம், சனிக்கிழமை சாயங்காலம் கிளப் மைதானத்தில் படம் போடுவார்கள். வீட்டிலிருந்து நாற்காலியோ பாயோ நாமே கொண்டுபோக வேண்டும். ஒரு சனிக்கிழமை வர வேண்டிய தமிழ்ப் படத்தின் பிலிம் பெட்டி வரவில்லை. கிளப்பில் எங்கிருந்தோ இரவல் வாங்கி வைத்திருந்த பழைய இங்கிலீஷ் படம் ஒன்றைப் போட்டார்கள். கறுப்பு வெள்ளை. ராக்கெட்டில் போகிற நாலு பேர் ஆளில்லாத ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். வசனம் பாதிப் பேருக்குப் புரியவில்லை, ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை, ராக்கெட் இருந்ததே. அவர்கள் கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் அந்தச் சத்தம் தொடங்கியது. கம்பியை இரும்பில் இழுக்கிற மாதிரி, ஆனால் ஒரு கம்பி இல்லை, நூறு கம்பி. மேலே போகிறதா கீழே வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. அடியில் ஏதோ பெரிய தகரம் உறுமியது.

அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று நினைத்துப் பார். ராணுவ டாங்க் தொழிற்சாலைக்காரர்கள். ஃபிட்டர், டர்னர், எஞ்சின் டெஸ்ட்டில் நிற்கிறவர்கள். ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்று, காது கொடுத்து, எது பழுது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஜனங்கள் விசில் அடித்திருப்பார்கள். இவர்கள் எழுந்து ரிப்பேர் பார்க்கப் போனார்கள்.

"பேரிங் போச்சு மச்சான்! நிறுத்து, நிறுத்து!" என்று ஒருவர் கத்தினார்.

"பேரிங் இல்லய்யா, பெல்ட்டு. பெல்ட்டு வழுக்குது."

"இன்னா நைனா, உள்ள எலி பூந்துகிச்சா?"

ப்ரொஜெக்டர் ஓட்டிய நடேசன், வியாசர்பாடிக்காரர், கையை விரித்தார். "மிஷினு நல்லாத்தான் கீது, அண்ணாத்தே. பொட்டில வர்றதே அப்டித்தான் வர்து."

"பொட்டில எப்டிய்யா வரும்? எவனாவது காசு குடுத்து இத ரெக்கார்டு பண்ணுவானா?"

நிறுத்தினார்கள். சத்தமும் நின்றது. அதனால் பழுது மிஷினில்தான் என்று அவர்களுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. எண்ணெய் விட்டார்கள், லென்ஸ் பக்கம் ஊதினார்கள், உன் அப்பா ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிச் சீவி மறுபடி மாட்டினார். ஓட்டினால் அதே காட்சி, அதே கம்பி இழுப்பு. மறுபடி நிறுத்தினார்கள். இப்படிப் பல முறை. கடைசியில் யாரோ ஒருவர், "சவுண்ட கட் பண்ணுங்கப்பா, படத்தையாவது பாப்போம்" என்றார். சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உனக்குச் சொல்ல வந்தேன். அந்தக் கிரகத்தில் ஒரு ஜந்து வருகிறது. முன்பு அதன் நிழல் மட்டும் பாறை மேல் தெரிந்தபோதே, அந்தச் சத்தத்தோடு, பெண்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். பக்கத்துப் பாயிலிருந்த கமலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது சத்தம் இல்லாமல் அந்த ஜந்து முழுசாகவே வந்து நின்றது. நீங்களெல்லாம் சிரித்தீர்கள். "டேய், பின்னாடி ஜிப்பு தெரியுதுடா!" என்று ஒரு பையன் கத்தினான். மைதானமே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். அதே மைதானம், அதே ஜனங்கள், அதே படம். சத்தத்தை மட்டும் எடுத்தார்கள். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, பிறகு என்ன ஆகிறது என்று பார். இதைவிடச் சுத்தமான சோதனையை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்ததில்லை. அந்த ரப்பர் சட்டைக்காரனை ஜந்துவாக்கியது அந்த வயலின்கள்தான்.

வயலின் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. நானும் மிஷின் கோளாறு என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஆராதனை முடிந்து வந்து, சபையில் உனக்குக் கற்றுக்கொள்ளக் கொடுத்திருந்த வயலினை எடுத்து நீ கம்பிகளைத் தாங்கும் குதிரைக் கட்டைக்கு மிக அருகில் வில்லை அழுத்தி இழுத்தாய். உன் அப்பா சோப்பு முகத்தோடு குளியலறையிலிருந்து ஓடிவந்து, "மோட்டார நிறுத்துங்க, மோட்டார நிறுத்துங்க!" என்றார். நீ வில்லைக் காட்டி, "நேத்து மிஷின் ரிப்பேர் இல்லப்பா. இதுதான்" என்றாய். அவருக்கு அது இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சீவிய ஒயரை அவர் மறக்கவில்லை.

பிறகு நீ வளர்ந்து, எங்கெங்கோ கேசட் தேடி வாங்கி, சமையலறை மேடையில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு எனக்கு விளக்குவாய். இதோ பாரும்மா, இங்கே இருபது வயலினுக்கும் ஒரே ஸ்வரம் கொடுக்கவில்லை, ஒவ்வொன்றையும் மயிரிழை தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே பியானோவின் கட்டையைத் தொடாமல் உள்ளே இருக்கிற கம்பியைக் கையால் அறைகிறார்கள். இங்கே வில்லின் மரப்பக்கத்தால் தட்டுகிறார்கள். இது தொடாமலே வாசிக்கிற வாத்தியம், காற்றில் கையை அசைத்தால் போதும். இது மனிதக் குரல்தான், ஆனால் சொல் கிடையாது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். எனக்குப் புரிந்த இடம் ஒன்று இருந்தது. கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு இசைக்கவைகளைத் தட்டினால் சத்தம் எழும்பி எழும்பி அடங்கும். பாடப் புத்தகத்தில் அதற்கு விம்மல் என்று பெயர். இரண்டுக்கே அப்படியென்றால், இருபது வயலினுக்கு அந்த விம்மல்கள் ஒன்றோடொன்று மோதி, காதுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பும் இல்லாமல் போய்விடும். பயம் அங்கேதான் இருக்கிறது என்று நான் சொன்னேன். நீ கேசட்டை நிறுத்திவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டாய்.

நீ சொன்ன இன்னொன்றை நான் வெகு நாள் யோசித்திருக்கிறேன். அந்தக் காலத்து இசைக்காரர்களை இந்த மாதிரி வாசிக்க அவர்கள் ஊர்க் கச்சேரி அரங்குகளிலேயே விடவில்லை, வாசித்தால் ஜனங்கள் எழுந்து போனார்கள் என்றாய். காதல் படத்திலும் குடும்பப் படத்திலும் விடமாட்டார்கள். வேறு கிரகம் என்று வந்தால் மட்டும், அங்கே என்ன சத்தம் கேட்கும் என்று எவனுக்கும் தெரியாது, எதையாவது போடு என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சந்து வழியாக அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அரங்கில் எழுந்து போன அதே மக்கள் கொட்டகையில் மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கேட்டார்கள். அப்படியானால் ஜனங்களுக்குப் புரியாது என்பது என்ன வாதம்? ஆளில்லாத கிரகத்தில் நம் ஊர் மெட்டு எப்படிக் கேட்கும்? மெட்டு என்றால் யாரோ ஒருவர் நமக்கு முன்னால் அங்கே போய்ப் பாடிவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். பிறகு அதில் பயப்பட என்ன இருக்கிறது?

நீ கல்லூரியில் சேர்ந்த பிறகு வந்த ஒரு பெரிய வெள்ளியை நம் சபையில் யாரும் மறக்க மாட்டார்கள். மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் நடுவில் பாடகர் குழு ஒவ்வொரு பாட்டுப் பாடுவது வழக்கம். நான்காம் வார்த்தைக்கு முன்னால், பூமியெங்கும் இருள் சூழ்ந்தது என்று வாசிக்கிற இடத்தில், ஒரு சின்ன வாத்திய இசை செய்யச் சொல்லிக் குழுத் தலைவர் உன்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். குழுவிடம் இருந்த நாலு வயலினையும் ஒரு செல்லோவையும் வைத்துக்கொண்டு, நீ ஸ்வரத்தில் நிற்காமல் கீழே வழுக்கிக்கொண்டே போகச் செய்தாய். ஜனங்கள் கண் மூடியிருந்தார்கள். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். மின்சாரம் போய்விட்டதா என்று இரண்டு பேர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். பிள்ளைகள் அழுதன. யாரோ மைக்கை அணைத்தார்கள். அணைத்தும் கேட்டது.

மறுநாளே சபைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். "டீச்சரம்மா, பேய்ப் படத்துக்குப் போடற மியூசிக்க கோயிலுக்குள்ள போடறதா? வயசானவங்க நெஞ்சப் புடிச்சுகினு ஒக்காந்துட்டாங்க."

"ஐயா, நேத்து நீங்கதானே வாசிச்சீங்க? பட்டப் பகல் இருட்டாச்சு, பூமி அதிர்ந்துச்சு, பாறை பிளந்துச்சு, கல்லறை தொறந்துச்சுன்னு?"

"ஆமா, அதுக்கு?"

"அதுக்கு எந்த மெட்டுல போடலாம்னு நீங்களே சொல்லுங்க. அவன்கிட்ட சொல்றேன்."

அவர் காபியை முடிக்காமல் எழுந்து போனார். உன்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு வீடுகளில் கல்யாணத்துக்கு வாசிக்க உன்னைக் கூப்பிடுவதும் நின்றது. நீ அப்போது ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்திருந்தால் மறுபடி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். தெரிவிக்கவில்லை. முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்குக் குடிவந்த பிறகு மொட்டை மாடியில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தாய், காக்கைகள் மட்டும் எதிர்ப்புத் தெரிவித்தன. மீசை சரியாக முளைக்காத வயதில் வளையாதவன், இப்போது கேட்டது யார் என்பதற்காக வளையப் பார்க்கிறாய். அன்றைக்குக் கேட்டவர் செயலாளர். இன்றைக்குக் கேட்பவர் காசு போட்டவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் வந்ததைச் சொல்கிறேன், நீ அவரிடமிருந்து வேறு மாதிரி கேட்டிருப்பாய். பூந்தமல்லியில் லாரி ஓட்டி, லாரி வாங்கி, இப்போது படம் எடுக்க வந்திருக்கிற மனிதர். கெட்டவர் இல்லை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சரம்மா, புள்ள தங்கமான புள்ள. ஆனா இன்னாத்துக்கு இந்தப் பிடிவாதம்? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பான்."

"நீங்க அந்த ஏரி மியூசிக்க முழுசா கேட்டீங்களா?"

"எங்கம்மா கேக்கறது? பாதிலயே நிறுத்தச் சொல்லிட்டேன். நம்ம மேனேஜரு எழுந்து வெளிய போயிட்டான்."

"அந்த சீன்ல ஜனங்களுக்கு என்ன ஆகணும்னு அவன்கிட்ட சொன்னீங்க?"

"பயப்படணும்னேன். அதத்தான் சொன்னேன், வேற இன்னா சொல்லப்போறேன்?"

"அப்புறம் என்ன குறை?"

அவர் ஆப்பிள் பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "பயப்படணும்மா. ஆனா புடிச்சுப் பயப்படணும். ஜாலியா பயப்படணும். ஊட்டுக்குப் போயி ரசம் சோறு துன்னுட்டுத் தூங்கணும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "நான் சொல்ல மாட்டேங்க" என்றேன். "அவன்கிட்ட மாத்தச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். நீங்க வேற ஆளு பாத்துக்கறதுன்னா அது உங்க உரிமை. படம் உங்களுது." அவர் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அது உன் தங்கையின் வயிற்றுக்குள் போய்விட்டது. அதற்கு நாம் கடமைப்பட்டவர்கள் இல்லை.

அவர் போன பிறகு உன் அப்பா பேசினார். அவரும் மாற்றச் சொல்கிற கட்சிதான், இதை மறைக்கப்போவதில்லை. பாளையங்கோட்டையை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் கோபம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "கஸ்டமர் என்ன அளவு கேக்கானோ அந்த அளவுக்குத்தான் லேத்துல பீஸைக் கடையணும். இவன் இஷ்டத்துக்குக் கடைஞ்சு குடுத்துட்டு, இதான் அளவுன்னு நிப்பானா? இவன் என்ன பெரிய இவனா?" நான் கேட்டேன், கஸ்டமர் அளவு போட்டுக் கொடுத்த டிராயிங்கில் என்ன போட்டிருந்தது என்று. பயம் என்று போட்டிருந்தது. உங்கள் பிள்ளை டிராயிங்குக்குச் சரியாகக் கடைந்து கொடுத்திருக்கிறான், கஸ்டமருக்கு இப்போது அதைக் கையில் பிடிக்கக் கூசுகிறது, அவ்வளவுதானே என்றேன். அவர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

நீ அனுப்பிய கேசட்டை நான் முன்பே கேட்டுவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. பகல் வேளை, வீட்டில் யாரும் இல்லை. நல்ல வெயில். வாசலில் கீரைக்காரி வந்து போன சத்தம்கூடக் கேட்டது. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை, வயலின்கள் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. நிற்கவில்லை, நகர்ந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தபோது அது வெகு தூரம் போய்விட்டிருந்தது. எப்போது நகர்ந்தது என்று பிடிக்க முடியவில்லை. அடியில் வாயை மூடிக்கொண்டு பெண்கள் முனகுகிறார்கள். உன் வெளிநாட்டுக் கேசட் எதிலும் நான் இதைக் கேட்டதில்லை. இறந்த வீட்டுக் கூடத்தில், அழுது முடித்த பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது வருகிற முனகல் அது. ஏரிக்கரை ஊர்ப் பெண்கள் தங்களுக்கு வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டுவிட்ட மாதிரி இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற உணர்வு வந்தது. பேய் பிசாசை நம்பாதவள் நான். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் மறுபடி திரும்பினேன். எனக்கு அது பிடிக்கவில்லை. என்னைத் திரும்ப வைத்தது.

அதை எடுத்துவிட்டுக் கீபோர்டில் ஒரு உய்ங் சத்தமும் நாலு டிரம் அடியும் வைத்தால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும். ஏரியில் இறங்குவது ஒரு பெரிய தகர டப்பா என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களை நீ காப்பாற்றப்போவதில்லை, ஏமாற்றப்போகிறாய். ஜனங்களுக்குப் புரியாது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் தங்களைத்தான் ஜனங்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எழுந்து ரிப்பேர் பார்க்க ஓடிய அத்தனை பேருக்கும் அன்றைக்குக் காது வேலை செய்தது. பாட்டு வந்திருந்தால் ஒருவர்கூட எழுந்திருக்க மாட்டார்.

இனிக் கல்யாண விஷயம். நீ பயப்படுவது அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும், ஆனால் நீ வாயைத் திறந்து சொல்லவில்லை. அதனால் நேற்று நானே பூந்தமல்லிக்கு, ஜெனி வீட்டுக்குப் போனேன். பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார் ஜெனியின் அப்பா. படம் அவன் கையை விட்டுப் போகலாம், அவன் மாற்ற மறுத்தால் நான் தடுக்கப்போவதில்லை, இதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டோம் என்று நீங்கள் குறை சொல்லக்கூடாது என்று நேராகச் சொன்னேன்.

"சினிமால பேரு வருது, அடுத்த படம் வரும்னு சொல்லித்தானே சம்பந்தியம்மா பேசுனோம்?" என்றார். முகம் கறுத்துவிட்டது. "இப்ப வேல வெட்டி இல்லாதவனுக்கா பொண்ணக் குடுக்கறது? ஊர்ல இன்னா சொல்வாங்க?"

ஜெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், கைப்பையைக்கூட இறக்கவில்லை. "வேல எனக்குக் கீதுப்பா. போதாதா?"

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும், கட்டிக்கப்போறது நானு." பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள். "அத்தை, அந்த மியூசிக்க எனக்கும் போட்டுக் காமிச்சாரு. சாமி சத்தியமா சொல்றேன், எனக்குப் புடிக்கல. ஆனா அவரு மாத்திட்டு வந்தாருன்னு வைங்க, தெனமும் சாயங்காலம் வந்து அதையே சொல்லிப் புலம்புவாரு. சாவற வரிக்கும். அத யாரு கேட்டுகினு இருக்கறது? என்னால ஆவாது. மாத்த வாணான்னு சொல்லிருங்க."

அவள் அப்பா பட்டறைக்குள் போய்விட்டார். லேத் ஓடத் தொடங்கியது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன். உறுதி இல்லாததை உறுதி என்று சொல்லி உன்னைத் தைரியப்படுத்த எனக்கு விருப்பமில்லை. நீ படத்தை இழக்கலாம். ஒரு வருஷம் வேறு படம் வராமல் போகலாம். கல்யாணத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிற மாமனாரோடு போட்டோவுக்கு நிற்க வேண்டியிருக்கலாம். இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ அந்த ஸ்டூடியோவுக்குப் போவாய். அதே டேப்பைக் கொண்டுபோ. அவர் மாற்றச் சொன்னால், முடியாது என்று மரியாதையாகச் சொல். என் பெயரை மட்டும் எடுத்துவிட்டு வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள் என்று பெருந்தன்மை காட்டாதே, அது அரைக்கிணறு தாண்டுகிற வேலை. டேப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. சோறு இருக்கிறது. யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள், உன் அப்பா உட்பட. அதற்கு நான் பொறுப்பு.

ஒவ்வொரு கேசட்டையும் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாய், "நல்லா இருக்காம்மா?" என்று. இந்த ஏரி கேசட்டுக்கும் அந்தக் கேள்வி பாக்கி இருக்கிறது. ஜெனிக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை, காசு போட்டவரால் பாதிக்கு மேல் கேட்க முடியவில்லை. நல்லா இருக்கா என்று எங்களில் யாரையும் கேட்காதே. சரியாக இருக்கிறது. ஒரு இடத்தில்கூடக் கை வைக்காதே.